வாயேஜருக்கு கரண்ட் எங்கிருந்து வருது? நம்ம ஊர்ல என்கிட்ட திரும்பத் திரும்ப கேட்ட கேள்விகள்

தருமபுரியில இன்வெர்ட்டர், சோலார் மாட்டுற வேலை பாக்குறேன். சனி ஞாயிறு சாயங்காலம் டெலஸ்கோப்ப வண்டியில கட்டிக்கிட்டு பாலக்கோடு, காரிமங்கலம், பென்னாகரம்னு எந்த கொட்டாய்ல கூப்பிட்டாலும் போயிடுவேன். சனி கிரகத்தோட வளையத்த பாத்து முடிச்சதும் "அங்க யாராச்சும் எதாச்சும் அனுப்பியிருக்காங்களா"ன்னு ஒருத்தர் கேப்பாங்க, நான் வாயேஜர் பத்தி ஆரம்பிப்பேன், அமெரிக்காவோட நாசா அனுப்பின ரெட்டை விண்கலம் அது, 1977ல கிளம்பினது இன்னும் பேசிக்கிட்டு இருக்குன்னு சொன்ன உடனே கேள்வி மேல கேள்வியா வரும். எல்லா ஊர்லயும் ஏறக்குறைய அதே கேள்விங்கதான், அதான் எல்லாத்தையும் எழுதிட்டேன், கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணா, எங்க வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி நாலு வருஷம்கூட தாங்கல, வாயேஜர்ல அப்படி என்ன பேட்டரி போட்டாங்க?

முதல்ல பேட்டரிங்கிறத மறந்துடுங்க. பேட்டரின்னா கரண்ட்ட சேத்து வெச்சு திருப்பிக் குடுக்கிறது, சார்ஜ் ஏத்த இன்னொரு ஆள் வேணும். வாயேஜர் 1, வாயேஜர் 2 ரெண்டுலயும் இருக்கிறது வேற, அதுக்கு பேர் ஆர்டிஜி. உள்ள புளூட்டோனியம்-238னு ஒரு பொருள், அது யாரும் பத்த வைக்காமலே தானா சூடாகிட்டே இருக்கும், அந்த சூட்ட கரண்ட்டா மாத்திக்கிறாங்க. சாம்பலுக்கு அடியில மூடி வெச்ச கங்கு மாதிரின்னு நம்ம பாட்டிங்ககிட்ட சொன்னா உடனே புரிஞ்சிடும், ஆனா இந்த கங்குக்கு காத்தும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

ஒரு வாயேஜருக்கு மூணு ஆர்டிஜி. ஒவ்வொண்ணுலயும் 24 உருண்டை, கிட்டத்தட்ட எலுமிச்சம்பழம் சைஸ், ஒரு உருண்டையில சுமார் 100 வாட் வெப்பம். மொத்தம் 72 உருண்டை. இந்த நம்பர ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ வேணும்.

சோலார் போட வேண்டியதுதானே? நீங்களே சோலார்தானே மாட்டுறீங்க!

மாட்டுறதாலதான் சொல்றேன், அங்க ஆகாது. சூரியன விட்டு ரெண்டு மடங்கு தள்ளிப் போனா வெளிச்சம் பாதியாகாது, நாலுல ஒரு பங்காயிடும், மூணு மடங்கு போனா ஒன்பதுல ஒரு பங்கு. நம்ம மொட்டை மாடியில 540 வாட் பேனல் மாட்டுறோமே, அதையே வியாழன்கிட்ட கொண்டுபோனா 20 வாட். நெப்டியூன்ல அரை வாட் சொச்சம். வாயேஜர் 1 இப்ப இருக்கிற எடத்துல 0.02 வாட், ஒரு சின்ன எல்இடி கூட ஒழுங்கா எரியாது.

வியாழன் வரைக்கும் சோலார்ல போகலாம், போயிருக்காங்க. ஜூனோன்னு ஒண்ணு 2011ல கிளம்பி 2016ல வியாழனுக்கு போச்சு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 9 மீட்டர் நீளத்துல மூணு பெரிய பேனல். பூமிகிட்ட இருந்தா 14 கிலோவாட் வரக்கூடிய பேனல், அங்க போய் 500 வாட் அளவுக்குதான் குடுக்குது. அதுக்கு அப்புறம் தள்ளிப் போகணும்னா கங்கு இல்லாம முடியாது.

புளூட்டோனியம்னா அணுகுண்டுல போடறதாச்சே, வெடிச்சிடாதா?

பேர் ஒண்ணு, ஆள் வேற. குண்டுக்கு பயன்படுறது புளூட்டோனியம்-239. இது 238. இத வெச்சு குண்டு செய்ய மாட்டாங்க, இதோட வேலை சூடாகிறது மட்டும்தான். அதுல இருந்து வர்ற ஆல்ஃபா கதிர ஒரு தாள் வெச்சே தடுத்துடலாம், ஆனா தூளாகி மூச்சு வழியா உள்ள போனா ரொம்ப ஆபத்து. அதனாலதான் அத பீங்கான் மாதிரி கெட்டியான ஆக்சைடா செஞ்சு, மேல இரிடியம்னு உருகவே உருகாத மாதிரி ஒரு உலோகத்துல கவசம் போடறாங்க.

ராக்கெட் மேல போகும்போதே விழுந்துட்டா? நம்ம தலையில கொட்டாதா?

இது நியாயமான பயம், மூடி மறைக்க வேண்டியதில்ல. 1964ல அமெரிக்காவோட ஒரு செயற்கைக்கோள் சுத்துப்பாதைக்கு போகாம திரும்பி விழுந்து, அதுல இருந்த கிட்டத்தட்ட ஒரு கிலோ புளூட்டோனியம் மேலேயே எரிஞ்சு காத்துல கலந்துடுச்சு. அன்னைக்கு இருந்த டிசைனே அப்படி, எரிஞ்சு பரவட்டும்னு விட்டிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் எது நடந்தாலும் உருண்டை உடையக் கூடாதுன்னு மாத்தினாங்க. 1968ல இன்னொரு ராக்கெட் கோளாறாகி கடல்ல விழுந்தப்போ ஆர்டிஜிய முழுசா எடுத்து அந்த எரிபொருள வேற பயணத்துக்கே பயன்படுத்திக்கிட்டாங்க. 1970ல அப்போலோ 13 பாதியில திரும்பி வந்துச்சே, நிலாவுல வைக்க கொண்டுபோன ஆர்டிஜி பசிபிக்ல டோங்கா பள்ளத்துல கிடக்கு, கசிஞ்சதா எந்த அறிகுறியும் கிடைக்கல.

சூடு சரி, அத கரண்ட்டா எப்படி மாத்துறாங்க? மேட்டூர் அனல் மின் நிலையம் மாதிரி உள்ள டர்பைன் சுத்துதா?

உள்ள எதுவுமே சுத்தல. இதத்தான் நான் ஒவ்வொரு ஊர்லயும் செஞ்சு காட்டுறேன், செலவு ரொம்ப கம்மி, ஸ்கூல் சார்ங்க யாராச்சும் படிச்சா நீங்களும் செய்ங்க. பெல்டியர் தகடுன்னு கடையில கிடைக்கும், சின்ன சதுரமா வெள்ளையா இருக்கும், ரெண்டு ஒயர் வரும். ஒரு அலுமினிய தட்டு நிறைய ஐஸ் போட்டு ஒரு மூடிய கவுத்து வெச்சு, அந்த மூடி மேல தகட்ட வெச்சு, தகட்டு மேல அலுமினிய டம்ளர்ல கொதிக்கிற தண்ணி ஊத்தணும், நடுவுல தெர்மல் பேஸ்ட் தடவிட்டா நல்லது. ரெண்டு ஒயரையும் பொம்மை மோட்டார்ல கட்டினா அதுல மாட்டின ஃபேன் சுத்த ஆரம்பிக்கும். பேட்டரி இல்ல, பிளக் இல்ல, பசங்க தட்டுக்கு அடியில எல்லாம் குனிஞ்சு தேடுவாங்க.

அஞ்சு நிமிஷம் பேசாம பாருங்க. டம்ளர் ஆற ஆற ஃபேன் மெதுவாகும். இன்னொரு தடவை கொதிக்கிற தண்ணி வெச்சுக்கிட்டு கீழ ஐஸ்ஸ எடுத்துடுங்க, அப்பவும் கொஞ்ச நேரத்துல நின்னுடும். சூடு மட்டும் இருந்தா பத்தாது, ஒரு பக்கம் சூடு ஒரு பக்கம் குளிர், அந்த வித்தியாசத்துலதான் கரண்ட் ஓடுது. ரெண்டு வேற வேற உலோகத்த சேத்து ஒரு முனைய சூடாக்கினா இப்படி நடக்கும்னு 1821லயே சீபெக்னு ஒருத்தர் கண்டுபிடிச்சது இது. வாயேஜர்ல சிலிக்கான்-ஜெர்மானியம் ஜோடிங்க, ஒரு முனை சுமார் 1000 டிகிரி, இன்னொரு முனை 300 டிகிரி, குளிர வைக்க ஐஸ் எதுக்கு, சுத்தி இருக்கிறதே விண்வெளிதான். தேயறதுக்கு பேரிங் இல்ல, கிரீஸ் இல்ல, அதான் நாப்பத்தெட்டு வருஷமா ரிப்பேர் பாக்க ஆள் இல்லாமலே ஓடுது.

மொத்தம் எத்தனை வாட் வரும்? ஒரு ஊருக்கே கரண்ட் குடுக்குமா?

கிளம்பும்போது 470 வாட். ஒரு மிக்ஸி அளவு. 72 உருண்டையும் சேந்து 7,000 வாட்டுக்கு மேல சூடு குடுத்தாலும் அதுல நூத்துக்கு ஆறு ஏழு பங்குதான் கரண்ட்டா மாறுது, மீதி சும்மா வெளிய போயிடும். இப்ப பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு, வருஷத்துக்கு சுமார் 4 வாட் குறைஞ்சுகிட்டே வருது.

அத்தனை வருஷமா எஞ்சின் ஓடுதுன்னா டீசல் எவ்ளோ ஊத்தியிருப்பாங்க?

ஒரு சந்தையில மாங்கா லோடு ஏத்திக்கிட்டிருந்த டிரைவர் அண்ணன் கேட்டது இது, எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. அண்ணே, எஞ்சின் ஓடவே இல்ல. நீங்க தொப்பூர் இறங்கி முடிச்சு சம ரோட்டுல வண்டிய நியூட்ரல்ல விட்டா கொஞ்ச தூரம் போய் நின்னுடும், ஏன் நிக்குது? டயர் ரோட்டுல உரசுது, காத்து எதிர்த்து தள்ளுது. ரோடும் இல்ல காத்தும் இல்லன்னா நிறுத்துறதுக்கு யாரு இருக்கா, அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும்.

நான் எல்லார்கிட்டயும் அழுத்தி சொல்றது இதத்தான்: வாயேஜருக்கு ஓடுறதுக்கு செலவே கிடையாது. செலவெல்லாம் மூணே விஷயத்துக்கு, உடம்ப உறையாம வெச்சுக்க, பூமி பக்கம் முகத்த திருப்பி வெச்சுக்க, பேச. இத மனசுல வாங்கிட்டா மீதி கேள்விக்கெல்லாம் பாதி பதில் வந்துடும்.

சரி, முதல்ல அந்த வேகம் எங்கிருந்து வந்துச்சு?

கொஞ்சம் ராக்கெட்டு, மீதி வியாழன். அறுபதுல வர்ற லாரியோட முன்பக்கத்துல ஒரு ரப்பர் பந்த முப்பது கிலோமீட்டர் வேகத்துல எறிஞ்சா (செஞ்சு பாக்காதீங்க, மனசுல நினைச்சுக்கோங்க) பந்து திரும்பி வரும்போது முப்பதுல வராது, நூத்தம்பதுல வரும். லாரியோட வேகத்த ரெண்டு பங்கு வாங்கிக்கும். வியாழன் சூரியன சுத்தி செகண்டுக்கு 13 கிலோமீட்டர்ல ஓடுற லாரி. வாயேஜர் அத முட்டல, பின்பக்கமா நெருங்கி அதோட ஈர்ப்புல வளைஞ்சு வெளிய வருது, வரும்போது வேகத்த அள்ளிக்கிட்டு வருது. அந்த அளவு வியாழனோட வேகம் குறையும், ஆனா குறைஞ்சத அளக்கிற கருவி உலகத்துல இல்ல, அவ்ளோ சின்னது.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நாலும் ஒண்ணு மாத்தி ஒண்ணு கைமாத்திவிடுற மாதிரி வரிசையா அமையறது 176 வருஷத்துக்கு ஒரு தடவை. 1965ல கேரி ஃப்ளாண்ட்ரோங்கிறவர் கணக்கு போட்டு, எழுபதுகள் கடைசியில அது வருதுன்னு சொன்னாரு. வாயேஜர் 2 அந்த நாலையும் பாத்துச்சு: 1979, 1981, 1986, 1989. வேற எந்த கலமும் யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் இன்னைக்கு வரைக்கும் போனதில்ல.

சூரியன் பின்னாடி இழுக்காதா? ஒரு நாள் நின்னு திரும்பி வந்துடாதா?

இழுக்குது, வேகமும் துளித் துளியா குறையுது. ஆனா வாயேஜர் 1 செகண்டுக்கு 17 கிலோமீட்டர் போகுது, தருமபுரியில இருந்து கிருஷ்ணகிரிக்கு மூணு செகண்ட். அது இருக்கிற தூரத்துல சூரியன்கிட்ட இருந்து தப்பிக்க செகண்டுக்கு மூணு நாலு கிலோமீட்டர் இருந்தாலே போதும். திரும்பாது.

எஞ்சின் இல்லன்னு சொல்லிட்டு, த்ரஸ்டர் ரிப்பேர்னு நியூஸ்ல சொல்றாங்களே, அது என்ன?

அது முன்னாடி தள்ளுறதுக்கு இல்ல, முகத்த திருப்புறதுக்கு. நம்ம வீட்டு டிடிஹெச் டிஷ் ஒரு விரக்கடை நகந்தாலே படம் போயிடுதுல்ல, வாயேஜரோட 3.7 மீட்டர் டிஷ் 2,500 கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பூமிய பாத்தே இருக்கணும். லேசா திரும்பினா குட்டி குட்டி குழாய்ல ஹைட்ரஜீன் எரிபொருள ஒரு தும்மல் தும்மி சரி பண்ணிக்கும். கிளம்பும்போது 100 கிலோ சொச்சம் ஹைட்ரஜீன், இன்னும் மிச்சம் இருக்கு.

பிரச்சனை எரிபொருள் தீர்றது இல்ல, குழாய் அடைச்சுக்கிறது. எரிபொருள் டேங்க் உள்ள இருக்கிற ரப்பர்ல இருந்து துகள் வந்து படியுது, நம்ம சொட்டு நீர் குழாய்ல உப்பு படிஞ்சு துளை அடைச்சுக்குமே அந்த மாதிரி. 2017ல 37 வருஷம் தொடாம இருந்த ஒரு செட் த்ரஸ்டர தட்டி எழுப்பினாங்க, எழுந்துச்சு. 2025ல இன்னும் துணிஞ்சாங்க. 2004லயே செத்துப்போச்சுன்னு கைவிட்ட த்ரஸ்டருக்கு உள்ள ஹீட்டர் ஸ்விட்ச் ஏதோ மாறியிருக்கலாம்னு ஒருத்தருக்கு தோணி, திரும்ப ஆன் பண்ண கட்டளை அனுப்பினாங்க. ஹீட்டர் ஆன் ஆகாம த்ரஸ்டர் மட்டும் சுட்டிருந்தா சின்னதா வெடிச்சிருக்கும். கட்டளை போக ஒரு நாள், பதில் வர ஒரு நாள். ஹீட்டர் வெப்பநிலை ஏறினத ஸ்கிரீன்ல பாத்தப்போ அந்த ரூம்ல இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அவ்ளோ தூரத்துல இருந்து எப்படி கேக்குது? ரொம்ப பவர்ஃபுல் டவரா?

அனுப்புறது 20 வாட் சொச்சம், நான் கடையில விக்கிற எல்இடி டியூப் லைட் அளவு. சாமர்த்தியம் எல்லாம் கேக்குற பக்கம்தான். அமெரிக்காவுல கோல்ட்ஸ்டோன், ஸ்பெயின்ல மாட்ரிட் பக்கம், ஆஸ்திரேலியாவுல கான்பெரா பக்கம்னு மூணு எடத்துல 70 மீட்டர் அகல டிஷ் வெச்சிருக்காங்க, பூமி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒண்ணு பாத்துக்கிட்டே இருக்கும். செகண்டுக்கு 160 பிட்தான் வருது, ஒரு வாட்ஸ்அப் போட்டோ அனுப்பணும்னா மணிக்கணக்குல ஆகும். இங்கிருந்து ஒரு வார்த்தை போய் சேரவே 23 மணி நேரத்துக்கு மேல.

அரை ஆயுள் 87 வருஷம்னு படிச்சேன் சார், அப்போ 48 வருஷத்துலயே எப்படி பாதிக்கும் கீழ போச்சு? கணக்கு ஒதைக்குதே?

பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு கேட்டுச்சு, சபாஷ். கணக்கு சரிதான் கண்ணு, அரை ஆயுள்னா அந்த புளூட்டோனியம் பாதியா குறையறதுக்கு ஆகிற காலம், அது 87.7 வருஷம், அந்த கணக்குப்படி 48 வருஷத்துல வெப்பம் இன்னும் நூத்துக்கு 68 பங்கு இருக்கணும், இருக்கு. ஆனா மேல ஐஸும் டம்ளரும் வெச்சு காட்டினேனே, அந்த வித்தியாசம் சின்னதாயிட்டே வருது, அதோட அந்த சிலிக்கான்-ஜெர்மானியம் ஜோடிங்களும் இத்தனை வருஷம் சூட்டுல கிடந்து தரம் குறைஞ்சு போச்சு. கங்கு ஆறறது ஒரு பக்கம், அடுப்பே பழசாகிறது இன்னொரு பக்கம், ரெண்டும் சேந்துதான் பாதிக்கும் கீழ.

கரண்ட் குறைய குறைய என்ன பண்றாங்க?

மூணு செலவுன்னு சொன்னேன்ல, பேச்சும் முகம் திருப்புறதும் கடைசி வரைக்கும் வேணும். அதனால கருவிங்களையும் ஹீட்டரையும் ஒண்ணொண்ணா அணைக்கிறாங்க. வாயேஜர் 1ல கேமரா 1990லயே போச்சு, பிப்ரவரி 14 அன்னைக்கு 600 கோடி கிலோமீட்டர்ல இருந்து திரும்பி பூமிய ஒரு புள்ளியா படம் எடுத்தாங்களே, அதுக்கப்புறம் அணைச்சதுதான். 2019ல வாயேஜர் 2ல ஒரு கருவியோட ஹீட்டர மட்டும் அணைச்சாங்க, அந்தக் கருவி மைனஸ் 59 டிகிரியில நின்னுக்கிட்டு வேலை செஞ்சுச்சு, அத டெஸ்ட் பண்ணினதே அவ்ளோ குளிருக்கு இல்ல. 2024ல வாயேஜர் 2ல பிளாஸ்மா கருவி, 2025 பிப்ரவரியில வாயேஜர் 1ல காஸ்மிக் கதிர் கருவி, மார்ச்ல வாயேஜர் 2ல இன்னொண்ணு.

இத படிக்கும்போது எனக்கு பஞ்ச காலத்துல வீட்டுல ஒவ்வொரு சாமானா வித்து குடும்பத்த காப்பாத்தினவங்க ஞாபகம்தான் வரும். எத முதல்ல அணைக்கிறதுன்னு முடிவு பண்றவங்கள்ல சிலர் அந்தக் கருவியோடவே தலைநரைச்சவங்க.

நியூ ஹொரைசன்ஸ தூங்க வெச்சுட்டே கொண்டுபோனாங்களாமே?

ஆமா. 2006ல கிளம்பி 2015 ஜூலை 14ல புளூட்டோவ தாண்டுச்சு, ஒரே ஒரு ஆர்டிஜி. நடுவுல பாக்க ஒண்ணும் இல்லாத தூரத்துல பெரும்பாலான கருவிய அணைச்சு, பம்பரம் மாதிரி மெதுவா சுத்த விட்டுடுவாங்க, சுத்துற பம்பரம் சாயாது, அதனால முகம் திருப்புற செலவு மிச்சம்.

கரண்ட்லயே ஓடுற எஞ்சின் வந்துடுச்சுன்னு சொல்றாங்களே?

அயான் எஞ்சின். டான்ங்கிற கலம் 2007ல கிளம்பி அதுலதான் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவுல சுத்துற வெஸ்டா, சீரிஸ்ங்கிற ரெண்டு குட்டி உலகத்துக்கும் போச்சு. செனான் வாயுவ மின்சாரத்தால தள்ளி விடும். தள்ளுற விசை உள்ளங்கையில ஒரு தாள் வெச்சா எவ்ளோ கனமோ அவ்ளோதான், ஆனா வருஷக்கணக்குல நிறுத்தாம தள்ளினா பெரிய வேகம் வந்துடும். டானுக்கு கரண்ட் சோலார்ல இருந்து. அதனால சூரியன விட்டு ரொம்ப தள்ளி இத நம்பி போக முடியாது, சோலார் கேள்வியில சொன்ன கணக்கு இங்கயும் வந்து நிக்கும்.

நம்ம சந்திரயான்-3 ஏன் 14 நாள்ல நின்னுச்சு? அதுலயும் இந்த கங்க வெச்சிருக்கலாமே?

வருத்தமா கேக்குற கேள்வி இது. விக்ரம் லேண்டர் 2023 ஆகஸ்ட் 23ல இறங்குச்சு, சோலார்லதான் ஓடுச்சு, திட்டமே ஒரு நிலாப் பகல் வேலை செய்யணும்னுதான், அத முழுசா செஞ்சு முடிச்சுது. அப்புறம் 14 நாள் ராத்திரி, மைனஸ் நூறு டிகிரிக்கும் கீழ. விடிஞ்சதும் எழுப்பி பாத்தாங்க, எழுந்திருக்கல. தோல்வின்னு யாரும் சொல்லாதீங்க, போனஸ் கிடைக்கல, அவ்ளோதான்.

நம்ம ஆளுங்க சும்மா இல்ல. அதே பயணத்துல லேண்டர சுமந்துட்டு போன கலத்துல ரெண்டு ரேடியோஐசோடோப் ஹீட்டர், தலைக்கு ஒரு வாட், சோதனைக்காக வெச்சு அனுப்பினாங்க. கரண்ட் குடுக்காது, கதகதப்பு மட்டும். ஆரம்பம் அப்படித்தான் இருக்கும். புளூட்டோனியம்-238 கடையில வாங்குற சரக்கு இல்ல, அமெரிக்காவே 1988ல தயாரிப்ப நிறுத்திட்டு ரஷ்யாகிட்ட வாங்கி ஓட்டினாங்க, திரும்ப ஆரம்பிச்சு 2015ல ஓக் ரிட்ஜ்ங்கிற அவங்க ஆய்வுக்கூடத்துல எடுத்தது 50 கிராம்.

கரண்ட் சுத்தமா நின்னுட்டா?

பேச்சு நிக்கும், ஓட்டம் நிக்காது. ஏன்னு டீசல் கேள்வியில பாத்துட்டோம். சுமார் 40,000 வருஷம் கழிச்சு வாயேஜர் 1 கிளீஸ் 445ங்கிற நட்சத்திரத்துக்கு ரெண்டு ஒளியாண்டுக்குள்ள போகும்.

கூடவே வேற உலகத்துல யாராச்சும் எடுத்தா கேக்கட்டும்னு வெச்சு அனுப்பின, தங்க முலாம் பூசின ஒலித்தட்டும் போகும், அதுல 55 மொழியில வணக்கம் சொல்லியிருக்காங்க. தெலுங்கும் கன்னடமும் இருக்கு, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் வீட்டுல அந்த ரெண்டும் பேசுற பசங்க கேட்டதும் குதிப்பாங்க. தமிழ் இல்ல. எனக்கு அது இன்னும் ஒரு குறைதான். அந்த தட்டோட உறையில துளி யுரேனியம்-238 பூசியிருக்காங்க, அதோட அரை ஆயுள் 450 கோடி வருஷம், என்னைக்காவது யாராவது எடுத்தா எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு பாத்து எப்ப கிளம்புச்சுன்னு கண்டுபிடிக்கட்டும்னு.

அது இப்ப எந்தப் பக்கம் இருக்கு, டெலஸ்கோப்ல காட்ட முடியுமா?

பாக்க முடியாது, உலகத்துல எந்த டெலஸ்கோப்லயும் தெரியாது. எடத்த காட்டலாம். நம்ம மாவட்டம் பூமியில 12 டிகிரி வடக்குல இருக்கு, வாயேஜர் 1ம் வானத்துல ஏறக்குறைய அதே 12 டிகிரி வடக்குல இருக்கு. அதாவது தினமும் ஒரு தடவை நம்ம தலைக்கு நேர் மேல கடந்து போகுது, சென்னையில இருக்கிறவங்களவிட நமக்கு இன்னும் நேரா. வாயேஜர் 2 தெக்கால, அடிவானத்துக்கு கொஞ்சம் மேலயே போயிடும்.

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போறவங்க ராத்திரி எட்டே முக்கால் வாக்குல, மேகம் இல்லன்னா, தலைய நல்லா பின்னாடி சாச்சு உச்சிய பாருங்க. ராசல்ஹேக்னு ஒரு வெள்ளை நட்சத்திரம் உச்சிக்கு பக்கத்துல இருக்கும், கைய நீட்டிப் பிடிச்சு அதுக்கு மேற்கால மூணு விரக்கடை தள்ளி வாங்க. அங்கதான் போயிட்டிருக்கு.